ரியாக்ட் செயலியில் ரெடக்ஸ் டூல்கிட் நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரியாக்ட் 18 அல்லது 19-இல் எழுதிய இணையச் செயலிக்குள் ரெடக்ஸ் டூல்கிட் 2, ரியாக்ட்-ரெடக்ஸ் 9 இரண்டையும் கொண்டுவரும்போது எழும் கேள்விகள் இங்கே உள்ளன. ரெடக்ஸ் என்பது செயலியின் பல பகுதிகள் பகிரும் தரவை ‘ஸ்டோர்’ என்ற ஒரே இடத்தில் வைக்கும் நூலகம். டூல்கிட் அதை எழுதுவதை எளிதாக்குகிறது, ரியாக்ட்-ரெடக்ஸ் அதை ரியாக்ட்டோடு இணைக்கிறது. கட்டளைகள், ஃபங்ஷன் பெயர்கள், பிழைச் செய்திகள் எல்லாவற்றையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரிலும் டெர்மினலிலும் வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு டிஃபன் கடையின் ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே கூடை ஐகானில் எண்ணிக்கை, நடுவே உணவுப் பட்டியல், ஓரத்தில் மொத்தத் தொகை. மூன்றும் ஒரே கூடையைப் பார்க்க வேண்டும்.

எங்கள் செயலிக்கு ரெடக்ஸ் தேவையா?

பல செயலிகளுக்குத் தேவையில்லை. ஃபார்மில் தட்டும் எழுத்து, மெனு திறந்திருக்கிறதா என்பது, எந்த டேப் தேர்வாகியிருக்கிறது என்பது போன்றவை அந்தந்த கம்போனன்ட்டின் யூஸ்ஸ்டேட்டிலேயே இருக்கலாம். பயனர் பெயர், மொழி, இருண்ட நிறமா வெளிர் நிறமா போன்று எப்போதாவது மாறுபவற்றுக்கு ரியாக்ட்டின் கான்டெக்ஸ்ட் போதும்.

கான்டெக்ஸ்ட்டின் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. அதற்குள் இருக்கும் பொருளில் ஒரு மூலை மாறினாலும், அதைப் படிக்கும் அத்தனை கம்போனன்ட்டும் மறுபடி ரெண்டர் ஆகும். அடிக்கடி மாறும் தரவு, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல கம்போனன்ட்டுகள் அதைப் படிக்கவும் மாற்றவும் வேண்டிய நிலை, ‘இந்த மதிப்பை யார், எப்போது மாற்றினார்கள்?’ என்று தேடி அலைவது. இவை மூன்றும் சேர்ந்தால் ரெடக்ஸ் தன் செலவைத் திருப்பித் தந்துவிடும். மேலே சொன்ன கூடை அந்த வகை.

சர்வரிலிருந்து வரும் தரவைச் சேமித்துவைக்க மட்டும் வேண்டுமென்றால், கடைசிக்கு முந்தைய கேள்வியிலுள்ள ஆர்டிகே குவெரி (சர்வர் தரவுக்காக டூல்கிட்டோடு வரும் கருவி) பற்றிய பதிலை முதலில் படியுங்கள்.

எந்தெந்த பேக்கேஜை நிறுவ வேண்டும்?

இரண்டே இரண்டு. செயலியின் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு:

என்பிஎம் இன்ஸ்டால் @ரெடக்ஸ்ஜேஎஸ்/டூல்கிட் ரியாக்ட்-ரெடக்ஸ்

ரெடக்ஸ் மையம், இம்மர், ரீசெலக்ட், ரெடக்ஸ்-தங்க் நான்கும் டூல்கிட்டோடு சேர்ந்தே வந்துவிடும். பழைய பாடங்களைப் பார்த்து அவற்றைத் தனித்தனியாக நிறுவுபவர்கள் பலர். அப்படிச் செய்தால் ஒரே நூலகம் இரண்டு பதிப்புகளில் உள்ளே வர வாய்ப்புண்டு. டைப்ஸ்கிரிப்ட் வகைகளும் இரண்டு பேக்கேஜ்களிலும் உள்ளேயே இருக்கின்றன. ‘@டைப்ஸ்/ரியாக்ட்-ரெடக்ஸ்’ பழைய திட்டத்தில் கிடந்தால் எடுத்துவிடுங்கள். ரியாக்ட்-ரெடக்ஸ் 8 முதல் அது வேண்டியதில்லை.

பிஎன்பிஎம் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேக்கேஜ்.ஜேசனில் பெயர் இல்லாத நூலகத்தை நேரடியாக இம்போர்ட் செய்ய அது விடாது. எனவே கம்பைன்ரெடியூசர்ஸ், கிரியேட்செலக்டர் போன்றவற்றை ‘ரெடக்ஸ்’, ‘ரீசெலக்ட்’ என்ற பெயர்களிலிருந்து எடுக்காமல் டூல்கிட்டிலிருந்தே எடுங்கள். அங்கே எல்லாம் கிடைக்கும்.

நிறுவிய பிறகும் ‘இம்போர்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்கிறதே?

பத்தில் பாதி நேரம் டெர்மினல் தவறான ஃபோல்டரில் நின்றிருக்கும். நிற்கும் இடத்தில் பேக்கேஜ்.ஜேசன் இல்லாவிட்டால் என்பிஎம் மேல் ஃபோல்டர்களில் ஒவ்வொன்றாகத் தேடிப்போய், கிடைத்த இடத்தில் நிறுவிவிடும். எங்குமே இல்லையென்றால் நின்ற இடத்திலேயே புதிதாக ஒன்றை உருவாக்கும். பிழை எதுவும் காட்டாது. ‘சேர்க்கப்பட்டது’ என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். உங்கள் செயலியின் பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து, டிபென்டன்சிஸ் பகுதியில் இரண்டு பெயரும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

பெயர் இருந்தும் வராவிட்டால் டெவ் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். செயலியைக் கட்டி ஓட்டும் கருவியான வீட் (வைட் என்றும் சொல்வார்கள்) நூலகங்களை முன்கூட்டியே கட்டி, நோட்_மாட்யூல்ஸ் உள்ளே ‘.வீட்’ என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். அது பழையதாகிப்போனால் பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் 504 எண்ணோடு கோரிக்கைகள் விழும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும், நோட்_மாட்யூல்ஸ் முழுவதையும் தூக்கியெறிய வேண்டாம்.

எந்தப் பதிப்பு எதோடு சேரும்?

ரியாக்ட்-ரெடக்ஸ் 9-க்கு ரியாக்ட் 18 அல்லது அதற்கு மேல் கட்டாயம். ரியாக்ட் 18-இல் வந்த யூஸ்சிங்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர் என்ற ஹூக்கை அது நேரடியாக நம்பியிருக்கிறது. உங்களிடம் ரியாக்ட் 17 இருந்து, இப்போதைக்கு மாற்ற முடியாதென்றால் ‘ரியாக்ட்-ரெடக்ஸ்@8’ என்று பதிப்பெண்ணோடு நிறுவுங்கள். டூல்கிட் 2 அதோடும் வேலை செய்யும். ரியாக்ட் 19-இல் இருப்பவர்கள் டூல்கிட் 2.5, ரியாக்ட்-ரெடக்ஸ் 9.2 ஆகியவற்றுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய திட்டம் தொடங்குவதானால் கிரியேட் ரியாக்ட் ஆப் வேண்டாம். 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. வீட் போதும். வீட் 7-க்கு நோட் 20.19 அல்லது 22.12-க்குக் குறையாத பதிப்பு வேண்டும்.

‘ஈ-ரிசால்வ்’ என்று சிவப்பில் ஒரு பக்கம் கொட்டுகிறது. என்ன செய்வது?

இந்தச் செய்தியைப் படிக்காமல் கடைசி வரியில் சொல்லும் ‘--லெகசி-பியர்-டெப்ஸ்’ஸைச் சேர்த்துத் தட்டுவதுதான் எல்லோரும் செய்வது. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது போன்றது அது. பேக்கேஜ்களுக்கு இடையிலான பதிப்பு மோதல் அப்படியே இருக்கும், சொல்வது மட்டும் நின்றுவிடும்.

செய்தியில் இரண்டு வரிகள்தான் முக்கியம். ‘ஃபவுண்ட்’ என்று தொடங்கும் வரி உங்களிடம் இருப்பதைச் சொல்கிறது, உதாரணமாக ரியாக்ட் 17.0.2. ‘பியர் ரியாக்ட்’ என்று தொடங்கும் வரி எந்த பேக்கேஜ் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது வரியின் கடைசியில் கேட்பவரின் பெயர் இருக்கும். அது ரியாக்ட்-ரெடக்ஸ் என்றால் மேலே சொன்னபடி பதிப்பை மாற்றுங்கள். ஆனால் பெரும்பாலும் அங்கே இருப்பது ரெடக்ஸே இல்லை. மூன்று வருடமாகப் புதுப்பிக்கப்படாத ஒரு காலண்டர் நூலகமோ, சார்ட் நூலகமோதான் ரியாக்ட் 17-க்கு மேல் வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் ரெடக்ஸ் நிறுவும் வேளையில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

என்பிஎம் 7-க்கு முன்பு இந்த மோதல்கள் வெறும் எச்சரிக்கையாகப் போய்விடும். 2020-இல் வந்த 7 முதல்தான் நிறுவலையே நிறுத்துகிறது. அதனால்தான் பழைய கணினியில் ஓடிய திட்டம் புதிய கணினியில் நிறுவ மறுக்கிறது.

படிப்படியாக எப்படி அமைப்பது?

மூன்று கோப்புகள் போதும்.

முதலாவது, எஸ்ஆர்சி/ஃபீச்சர்ஸ்/கார்ட் ஃபோல்டரில் கார்ட்ஸ்லைஸ் கோப்பு. ஸ்லைஸ் என்பது ஸ்டோரின் ஒரு பகுதியும் (இங்கே கூடை), அதை மாற்றும் ரெடியூசர் ஃபங்ஷன்களும் சேர்ந்தது. டூல்கிட்டிலிருந்து கிரியேட்ஸ்லைஸை இம்போர்ட் செய்து, மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: நேம் என்ற இடத்தில் ‘கார்ட்’, இனிஷியல்ஸ்டேட் என்ற இடத்தில் ஐட்டம்ஸ் என்ற காலி வரிசை, ரெடியூசர்ஸ் என்ற இடத்தில் ஆட்ஐட்டம், ரிமூவ்ஐட்டம் என்ற ஃபங்ஷன்கள். கோப்பின் அடியில் இரண்டு எக்ஸ்போர்ட்: கார்ட்ஸ்லைஸ்.ஆக்‌ஷன்ஸ் உள்ளிருந்து ஆட்ஐட்டமும் ரிமூவ்ஐட்டமும் பெயரோடு, கார்ட்ஸ்லைஸ்.ரெடியூசர் டிஃபால்ட்டாக.

மொத்தத் தொகையை ஸ்டேட்டில் வைக்காதீர்கள். எண்ணிக்கையும் விலையும் இருந்தால் தொகையை எப்போது வேண்டுமானாலும் கணக்கிடலாம். இரண்டையும் வைத்தால், ஒருநாள் ஒன்றை மாற்றி மற்றொன்றை மறப்பீர்கள். கூடையில் மூன்று பிளேட் இருக்கும், தொகை இரண்டுக்குத்தான் காட்டும்.

இரண்டாவது, எஸ்ஆர்சி/ஆப் ஃபோல்டரில் ஸ்டோர் கோப்பு. கான்ஃபிகர்ஸ்டோரை அழைத்து, ரெடியூசர் என்ற இடத்தில் ‘கார்ட்: கார்ட்ரெடியூசர்’ என்று கொடுங்கள். வேறெதுவும் வேண்டாம். தங்க் மிடில்வேரும் (ஆக்‌ஷன் ஸ்டோருக்குப் போகும் வழியில் நின்று அசிங்க் வேலைகளைக் கவனிப்பது) டெவ்டூல்ஸ் இணைப்பும் தாமாகவே அமைந்துவிடும்.

மூன்றாவது, மெயின்.ஜேஎஸ்எக்ஸ். ரியாக்ட்-ரெடக்ஸிலிருந்து ப்ரொவைடரை எடுத்து, ஆப் கம்போனன்ட்டை அதற்குள் வைத்து, ஸ்டோர் என்ற ப்ராப்பில் ஸ்டோரைக் கொடுங்கள். ரவுட்டர் இருந்தால் ப்ரொவைடர் அதற்கு வெளியே இருப்பது நல்லது.

இனி எந்த கம்போனன்ட்டிலும் யூஸ்செலக்டரால் படிக்கலாம், யூஸ்டிஸ்பேட்ச்சால் மாற்றலாம்.

பட்டனை அழுத்தினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

பிழை தேடும்போது இந்தப் பாதை மனதில் இருக்க வேண்டும். இட்லிக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் பட்டனை ஒருவர் அழுத்துகிறார். கம்போனன்ட் ஆட்ஐட்டத்தை, ஐடி, பெயர், விலை 40 என்ற பொருளோடு அழைக்கிறது. அந்த அழைப்பு எதையும் மாற்றாது. டைப் என்ற இடத்தில் ‘கார்ட்/ஆட்ஐட்டம்’, பேலோட் என்ற இடத்தில் நீங்கள் கொடுத்த பொருள், இவை கொண்ட ஒரு சாதாரண ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தரும். இதுதான் ஆக்‌ஷன். அதை டிஸ்பேட்ச்சுக்குள் போட்டால்தான் ஸ்டோருக்குப் போகும்.

ரெடியூசர் அதே ஐடி ஏற்கெனவே கூடையில் இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுகிறது, இல்லையென்றால் வரிசையில் புதிதாகச் சேர்க்கிறது. கூடைக்குப் புதிய ஆப்ஜெக்ட் பிறக்கிறது. மாறாத ஸ்லைஸ்கள் பழைய ஆப்ஜெக்ட்டாகவே இருக்கின்றன. பிறகு செயலியிலுள்ள ஒவ்வொரு யூஸ்செலக்டரும் தன் ஃபங்ஷனை மறுபடி ஓட்டி, போன முறை கிடைத்ததையும் இப்போது கிடைத்ததையும் மூன்று சமக்குறியால் ஒப்பிடுகிறது. வேறுபட்டால் மட்டும் அந்த கம்போனன்ட் ரெண்டர் ஆகும். கூடை ஐகானும் தொகையும் மாறும், கடை முகவரி காட்டும் பகுதி அசையாது.

ஆட்ஐட்டத்தை அழைத்தேன், எதுவும் மாறவில்லை. பிழையும் இல்லை.

டிஸ்பேட்ச்சை விட்டுவிட்டீர்கள். முந்தைய பதிலைப் பாருங்கள்.

ஸ்டேட்.கார்ட் ‘அன்டிஃபைண்ட்’ என்று வருகிறதே?

கான்ஃபிகர்ஸ்டோரில் நீங்கள் கொடுத்த சாவிதான் ஸ்டேட்டில் வரும் பெயர். ஸ்லைஸின் நேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஆக்‌ஷன் டைப்பின் முன்பகுதிக்கு மட்டும். அங்கே ‘கார்ட்ரெடியூசர்’ என்று மட்டும் எழுதிச் சாவியை விட்டிருந்தால், ஸ்டேட்டில் அது ஸ்டேட்.கார்ட்ரெடியூசர் ஆகிவிடும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் நயவஞ்சகமானது. ரெடியூசரைக் கொடுக்க வேண்டிய இடத்தில் முழு ஸ்லைஸையும் கொடுத்துவிடுவது. ஸ்லைஸ் ஒரு ஆப்ஜெக்ட், ஃபங்ஷன் இல்லை. கம்பைன்ரெடியூசர்ஸ் ஃபங்ஷனாக இல்லாத எதையும் ஓசையில்லாமல் ஒதுக்கிவிடும். வேறு நல்ல ரெடியூசர் ஒன்றாவது இருந்தால் கன்சோலில் உருப்படியான தகவல் எதுவும் வராது. அது ஒன்று மட்டுமே இருந்தால் ‘ஸ்டோர் டஸ் நாட் ஹேவ் எ வேலிட் ரெடியூசர்’ என்று வரும்.

‘குட் நாட் ஃபைண்ட் ரியாக்ட்-ரெடக்ஸ் கான்டெக்ஸ்ட் வேல்யூ’ என்றால்?

யூஸ்செலக்டரை அழைத்த கம்போனன்ட்டுக்கு மேலே ப்ரொவைடர் இல்லை. வழக்கமான தவறு: ஆப் கம்போனன்ட்டின் ரிட்டர்னில் ப்ரொவைடரை வைத்துவிட்டு, அதே ஆப்பின் முதல் வரியில் யூஸ்செலக்டரை அழைப்பது. அந்த வரி ஓடும் இடம் ப்ரொவைடருக்கு வெளியே. ப்ரொவைடரை மெயின் கோப்புக்கு நகர்த்தினால் சரியாகிவிடும்.

டெஸ்ட்டில் மட்டும் வந்தால், டெஸ்ட்டில் ரெண்டர் செய்யும்போதும் ப்ரொவைடரால் சுற்ற வேண்டும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதிய ஸ்டோர் கொடுங்கள். ஒரே ஸ்டோரைப் பகிர்ந்தால் முதல் டெஸ்ட் போட்ட இட்லி மூன்றாவது டெஸ்ட்டின் கூடையில் இருக்கும்.

ப்ரொவைடர் சரியான இடத்தில் இருந்தும் வருகிறதென்றால் ரியாக்ட்-ரெடக்ஸ் இரண்டு பிரதிகளாக உள்ளே இருக்கிறது. ஒரு பிரதியின் ப்ரொவைடர் வைத்ததை இன்னொரு பிரதியின் ஹூக் பார்க்காது. மோனோரெப்போவிலும் (பல பேக்கேஜ்கள் ஒரே களஞ்சியத்தில் இருப்பது) என்பிஎம் லிங்க் செய்த பேக்கேஜிலும் இது வரும். ‘என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்-ரெடக்ஸ்’ தட்டினால் எத்தனை பிரதி, எங்கே என்று மரமாகக் காட்டும். ‘இன்வேலிட் ஹூக் கால்’ பிழை வந்தால் இதையே ரியாக்ட்டுக்குச் செய்து பாருங்கள். பகிரும் பேக்கேஜில் இவை டிபென்டன்சிஸில் இருந்தால் பியர்டிபென்டன்சிஸுக்கு மாற்றுங்கள். வீட் அமைப்பில் ரிசால்வ்.டீடூப் என்ற இடத்தில் பெயர்களைக் கொடுத்தாலும் ஒரே பிரதியாகிவிடும்.

ரெடக்ஸில் ஸ்டேட்டை நேரடியாக மாற்றக்கூடாது என்பார்களே, ஸ்லைஸில் மட்டும் புஷ் செய்யலாமா?

செய்யலாம், கிரியேட்ஸ்லைஸுக்குள் மட்டும். அங்கே உங்கள் கைக்கு வருவது உண்மையான ஸ்டேட் இல்லை, இம்மர் செய்துதரும் வரைவு. அதில் கிறுக்கியதையெல்லாம் பார்த்து இம்மர் புதிய பிரதியை உருவாக்கும். மூன்று இடத்தில் சறுக்கும்:

‘ஸ்டேட் = புதியது’ என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. உள்ளூர் மாறியின் கை மாறுகிறது, வரைவு மாறவில்லை. முழுவதையும் மாற்ற வேண்டுமானால் புதிய மதிப்பை ரிட்டர்ன் செய்யுங்கள். கூடையைக் காலி செய்ய இனிஷியல்ஸ்டேட்டை ரிட்டர்ன் செய்வதே எளிது.

வரைவை மாற்றவும் செய்து, வேறொன்றை ரிட்டர்னும் செய்தால் இம்மர் பிழை எறியும். ஏரோ ஃபங்ஷனை ஒரே வரியில் எழுதும்போது இது தெரியாமல் நடக்கும்: சுருள் அடைப்பு இல்லாவிட்டால் புஷ் திருப்பித் தரும் எண்ணே ரிட்டர்ன் ஆகிவிடும். அடைப்பைப் போட்டுவிடுங்கள்.

ரெடியூசருக்குள் கன்சோல்.லாக் செய்தால் ப்ராக்ஸி என்று புரியாத ஒன்று தெரியும். டூல்கிட்டிலிருந்து கரன்ட் என்ற ஃபங்ஷனை எடுத்து, கரன்ட்(ஸ்டேட்) என்று அச்சிடுங்கள்.

கம்போனன்ட்டில் யூஸ்செலக்டரால் எடுத்த வரிசையை சார்ட் செய்தால்? அது வரைவு இல்லை, உறைந்த உண்மையான ஸ்டேட். சார்ட் அதே வரிசையையே மாற்றப்பார்க்கும், பிழை வரும். முதலில் பிரதி எடுத்து அதை வரிசைப்படுத்துங்கள்.

‘நான்-சீரியலைசபிள் வேல்யூ’ எச்சரிக்கையை அணைத்துவிடலாமா?

அணைப்பதற்கு முன் அது காட்டும் பாதையைப் பாருங்கள். ‘கார்ட்.டெலிவரிடைம்’ போன்று துல்லியமாக இடத்தைச் சொல்லும். அங்கே ஒரு டேட் ஆப்ஜெக்ட், மேப், செட், ப்ராமிஸ், ஃபங்ஷன் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். ஸ்டேட்டிலும் ஆக்‌ஷனிலும் ஜேசனாக மாற்றி மறுபடி எடுக்கக்கூடியவை மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. டேட்டுக்குப் பதில் ஐஎஸ்ஓ எழுத்துவடிவத்தையோ மில்லிசெகண்ட் எண்ணையோ வையுங்கள், காட்டும் இடத்தில் டேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெடக்ஸ்-பெர்சிஸ்ட் (ஸ்டேட்டைப் பிரவுசரில் சேமித்துவைக்கும் நூலகம்) பயன்படுத்துவோருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதன் ஃப்ளஷ், ரீஹைட்ரேட், பாஸ், பெர்சிஸ்ட், பர்ஜ், ரெஜிஸ்டர் ஆகிய ஆறு ஆக்‌ஷன்களை இக்னோர்ட்ஆக்‌ஷன்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்தச் சோதனை ‘32 மில்லிசெகண்டைத் தாண்டிவிட்டது’ என்று புகார் சொன்னால் ஸ்டேட் மிகப் பெரிதாகிவிட்டது என்று பொருள். டெவலப்மென்ட்டில் மட்டுமே ஓடும் சோதனை இது, பயனருக்குப் போகும் பில்டில் இருக்காது.

‘செலக்டர் ரிட்டர்ன்ட் எ டிஃபரன்ட் ரிசல்ட்’ என்று கன்சோல் சொல்கிறது.

யூஸ்செலக்டருக்குள் ஃபில்டர், மேப் செய்கிறீர்கள், அல்லது புதிய ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தருகிறீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய வரிசை பிறப்பதால் மூன்று சமக்குறி ஒப்பீடு எப்போதும் தோற்கும். சம்பந்தமே இல்லாத ஆக்‌ஷனுக்கும் கம்போனன்ட் ரெண்டர் ஆகும். கிரியேட்செலக்டரால் அந்தக் கணக்கை கம்போனன்ட்டுக்கு வெளியே எழுதுங்கள். உள்ளே வருவது மாறாதவரை பழைய விடையையே தரும். இரண்டு மூன்று மதிப்புகள்தான் வேண்டுமென்றால் யூஸ்செலக்டரைத் தனித்தனியாக இரண்டு மூன்று முறை அழைப்பதே போதும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டைப்ஸ்கிரிப்ட்டில் கூடுதலாக என்ன?

ஸ்டோர் கோப்பில் இரண்டு வகைகளை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்: ஸ்டோர்.கெட்ஸ்டேட்டின் ரிட்டர்ன்டைப் ரூட்ஸ்டேட், ஸ்டோர்.டிஸ்பேட்ச்சின் டைப் ஆப்டிஸ்பேட்ச். ஹூக்ஸ் என்று தனிக் கோப்பு வைத்து, யூஸ்டிஸ்பேட்ச்.வித்டைப்ஸ், யூஸ்செலக்டர்.வித்டைப்ஸ் இரண்டாலும் யூஸ்ஆப்டிஸ்பேட்ச், யூஸ்ஆப்செலக்டர் என்று உருவாக்கிக்கொள்ளுங்கள். ரியாக்ட்-ரெடக்ஸ் 9.1 முதல் இந்த வசதி இருக்கிறது. வெறும் யூஸ்டிஸ்பேட்ச்சுக்குத் தங்க் என்றால் என்னவென்று தெரியாது, அசிங்க் வேலையை அனுப்பும்போது சிவப்புக்கோடு போடும்.

‘கேனாட் ஆக்சஸ் பிஃபோர் இனிஷியலைசேஷன்’ என்ற பிழை?

வட்டமான இம்போர்ட். ஸ்டோர் கோப்பு ஸ்லைஸை இம்போர்ட் செய்கிறது. ஸ்லைஸோ அது அழைக்கும் ஏபிஐ கோப்போ ஸ்டோரை இம்போர்ட் செய்கிறது. டோக்கனை எடுக்க ஆக்சியோஸ் இன்டர்செப்டருக்குள் ஸ்டோரைக் கொண்டுவரும்போதுதான் அதிகம் நடக்கும். ஏபிஐ கோப்பில் ‘இன்ஜெக்ட்ஸ்டோர்’ என்று ஒரு சிறு ஃபங்ஷன் வைத்து, மெயின் கோப்பிலிருந்து ஸ்டோரை அதற்குள் கொடுத்துவிடுங்கள். டைப்ஸ்கிரிப்ட் வகைகளை மட்டும் எடுப்பதானால் இம்போர்ட் டைப் என்று எழுதினால் வட்டம் உண்டாகாது.

பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் கூடை காலியாகிறதே?

ஸ்டோர் பிரவுசரின் நினைவகத்தில் இருக்கிறது, பக்கம் போனால் அதுவும் போகும். கூடை மாதிரி சிறிய விஷயத்துக்கு நூலகம் தேவையில்லை. ஸ்டோர்.சப்ஸ்கிரைபில் கார்ட் பகுதியை மட்டும் லோக்கல்ஸ்டோரேஜில் எழுதி, தொடங்கும்போது அதைப் படித்து கான்ஃபிகர்ஸ்டோரின் ப்ரீலோடட்ஸ்டேட்டில் கொடுங்கள்.

சப்ஸ்கிரைப் ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் ஓடும் என்பதால், எழுதுவதை வினாடிக்கு ஒருமுறை என்று கட்டுப்படுத்துங்கள். படிக்கும் பக்கத்தில் ட்ரை-கேட்ச் வேண்டும்: பாதி எழுதப்பட்ட ஜேசனோ, போன மாத வடிவிலுள்ள பழைய தரவோ செயலியைத் திறக்கவிடாமல் செய்துவிடும். தரவோடு ஒரு பதிப்பெண்ணையும் சேர்த்து எழுதி, பொருந்தாவிட்டால் தூக்கியெறிவது எளிய வழி. லோக்கல்ஸ்டோரேஜின் அளவு சுமார் 5 எம்பிதான். லாகின் டோக்கனை அங்கே வைக்காதீர்கள், பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்ட்டும் அதைப் படிக்கும்.

நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஆப் ரவுட்டரில் ஏதும் வேறுபாடு உண்டா?

உண்டு, அதுவும் ஆபத்தானது. ஸ்டோரைக் கோப்பின் மேல்மட்டத்தில் ஒரே ஒரு மாறியாக உருவாக்கினால், சர்வரில் அது எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவாகிவிடும். ஒருவர் போட்ட ஆர்டர் இன்னொருவர் பக்கத்தில் தெரிய வழி ஏற்படும். எனவே ஸ்டோரை எக்ஸ்போர்ட் செய்யாமல், மேக்ஸ்டோர் என்று ஸ்டோரை உருவாக்கித் தரும் ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ‘யூஸ் கிளையன்ட்’ என்று தொடங்கும் ஒரு ஸ்டோர்ப்ரொவைடர் கம்போனன்ட்டில், யூஸ்ரெஃப்பில் ஒருமுறை மட்டும் அதை அழைத்து வையுங்கள்.

சர்வர் கம்போனன்ட்டுகள் ஸ்டோரைப் படிக்கவோ மாற்றவோ கூடாது. லோக்கல்ஸ்டோரேஜிலிருந்து கூடையை எடுப்பதை யூஸ்எஃபெக்ட்டுக்குள் வையுங்கள். முதல் ரெண்டரிலேயே எடுத்தால், சர்வர் அனுப்பிய பக்கத்தில் 0, பிரவுசரில் 3 என்று ஹைட்ரேஷன் முரண்படும்.

பழைய ரெடக்ஸ் குறியீட்டிலுள்ள கிரியேட்ஸ்டோர் மேல் எடிட்டர் குறுக்குக் கோடு போடுகிறது. உடைந்துவிடுமா?

உடையாது. 2022-இல் வந்த ரெடக்ஸ் 4.2 முதல், டூல்கிட்டுக்கு மாறச் சொல்லும் நினைவூட்டல் அது. பழைய டூல்கிட் 1 குறியீட்டை 2-க்குக் கொண்டுவரும்போதுதான் உண்மையில் உடையும். எக்ஸ்ட்ராரெடியூசர்ஸில் ஆப்ஜெக்ட் வடிவம் நீக்கப்பட்டுவிட்டது, பில்டர் ஃபங்ஷன் மட்டும்தான். மிடில்வேர் என்ற இடத்தில் வரிசையைக் கொடுக்க முடியாது, கெட்டிஃபால்ட்மிடில்வேரை வாங்கும் ஃபங்ஷனைக் கொடுத்து, அதோடு உங்களுடையதை கான்கேட் செய்ய வேண்டும். நிறைய ஸ்லைஸ்கள் இருந்தால் ரெடக்ஸ் குழுவின் ஆர்டிகே-கோட்மாட்ஸ் பேக்கேஜ் பில்டர் வடிவத்துக்குத் தானே மாற்றித் தரும். கமிட் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

டெவ்டூல்ஸ் எப்படி?

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றுக்கும் ரெடக்ஸ் டெவ்டூல்ஸ் நீட்டிப்பு (ஒவ்வொரு ஆக்‌ஷனையும் ஸ்டேட்டையும் காட்டுவது) இருக்கிறது. நிறுவினால் போதும், குறியீட்டில் ஏதும் சேர்க்க வேண்டாம். ஆனால் பயனருக்குப் போகும் பில்டிலும் அது திறந்தே இருக்கும். வேண்டாமென்றால் கான்ஃபிகர்ஸ்டோரில் டெவ்டூல்ஸ் என்ற இடத்தில், டெவலப்மென்ட்டில் மட்டும் ட்ரூ ஆகுமாறு நிபந்தனை கொடுங்கள்.

ஸ்ட்ரிக்ட்மோடில் ஒரே ஆக்‌ஷன் இரண்டு முறை பதிவாகிறதே என்று பயப்பட வேண்டாம். யூஸ்எஃபெக்ட்டுக்குள்ளிருந்து அனுப்பியவை டெவலப்மென்ட்டில் அப்படித்தான் வரும். பட்டன் அழுத்தி அனுப்பியது இரட்டிப்பானால் மட்டும் தேடுங்கள்.

சர்வரிலிருந்து வரும் உணவுப் பட்டியலை எங்கே வைப்பது?

கையால் லோடிங், எரர், டேட்டா என்று மூன்று மாறி வைத்து கிரியேட்அசிங்க்தங்க்கோடு மல்லுக்கட்டலாம். ஆனால் டூல்கிட்டிலேயே ஆர்டிகே குவெரி இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. கிரியேட்ஏபிஐயை ‘@ரெடக்ஸ்ஜேஎஸ்/டூல்கிட்/குவெரி/ரியாக்ட்’ என்ற பாதையிலிருந்து எடுங்கள். கடைசி ‘ரியாக்ட்’டை விட்டுவிட்டால் ஹூக்குகள் உருவாகாது, யூஸ்கெட்மெனுகுவெரி அன்டிஃபைண்ட் என்று வரும்.

ஸ்டோரில் ஏபிஐயின் ரெடியூசர், மிடில்வேர் இரண்டையும் சேர்க்க வேண்டும். மிடில்வேரை மறப்பதுதான் வழக்கம். மறந்தால் ‘மிடில்வேர் ஃபார் ஆர்டிகே-குவெரி ஏபிஐ ... ஹேஸ் நாட் பீன் ஆடெட்’ என்று சொல்லிவிடும். பக்கத்திலிருந்து கம்போனன்ட் நீங்கிய பிறகு தரவு 60 வினாடி வரை வைக்கப்படும். மெனு அடிக்கடி மாறாது என்றால் கீப்அன்யூஸ்ட்டேட்டாஃபார் மதிப்பை 600 ஆக்கிக்கொள்ளலாம்.

ரெடக்ஸ் வேண்டாமென்று பிறகு முடிவு செய்தால் எப்படி எடுப்பது?

பேக்கேஜை முதலில் நீக்காதீர்கள். யூஸ்செலக்டரை (டைப்ஸ்கிரிப்ட்டில் யூஸ்ஆப்செலக்டரை) எந்தெந்தக் கோப்பு பயன்படுத்துகிறது என்று எடிட்டரில் தேடி, ஒரு ஸ்லைஸாக எடுத்து மாற்றுங்கள். சிறிய ஸ்டோர் ஒன்று போதுமென்றால் ப்ரொவைடரே தேவைப்படாத சூஸ்டாண்ட் போன்ற நூலகம் இரண்டும் அருகருகே ஓட இடம் கொடுக்கும். கடைசி ஸ்லைஸ் போனதும் ப்ரொவைடரை எடுத்து, ‘என்பிஎம் அன்இன்ஸ்டால்’ கட்டளையில் இரண்டு பெயரையும் கொடுங்கள். பயனர்களின் பிரவுசரில் பழைய கூடை லோக்கல்ஸ்டோரேஜில் இன்னும் கிடக்கும். அடுத்த வெளியீட்டில் அந்தச் சாவியை லோக்கல்ஸ்டோரேஜ்.ரிமூவ்ஐட்டம் செய்யும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.